இரண்டாவது ஊசி

காலை எட்டு மணிக்கு மகள் இன்சுலினோடு வந்ததும் அப்பா சட்டையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார்.

"மறுபடியுமா? இப்பதானே உங்கம்மா போட்டுட்டுப் போனா."

அம்மா இறந்து பதினோரு மாதம் ஆகிறது. தூக்கக் கலக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்து, மகள் வழக்கமான பதினான்கு யூனிட்டைப் போட்டாள். ஊசியைக் கழற்றி, முந்தின நாள் காலி செய்து வைத்த டப்பாவில் போட்டாள். நோட்டில் குறித்தாள்.

ஒன்பதரைக்கு அவர் பேச்சு குழறியது. சட்டை வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது. சர்க்கரை மீட்டர் முப்பத்தெட்டு காட்டியது. சர்க்கரைத் தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து நிமிடம் கழித்து எழுபத்திரண்டு. அப்போதுதான் அவளுக்கே உயிர் வந்தது.

"ஆளுக்கொரு ஊசி போட்டா நான் என்னம்மா, ஊசி குத்துற தலகாணியா?" என்றார் அப்பா. "ரெண்டு பேரும் முதல்ல பேசி வச்சுக்கங்க."

தானே இரண்டு முறை போட்டுவிட்டோமோ என்று பயந்து நோட்டைப் புரட்டினாள். ஒரு குறிதான் இருந்தது. டப்பாவில் இரண்டு ஊசிகள் கிடந்தன. ஒன்று காகிதத்தில் சுற்றியிருந்தது. யார் கையிலாவது குத்திவிடும் என்று அம்மாதான் அப்படிச் சுற்றிப் போடுவாள்.

அன்று சாயங்காலம் டப்பாவை மறுபடி காலி செய்து கழுவிக் கவிழ்த்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, இன்சுலினை எடுக்கும் முன் ஆளில்லாத சமையலறையைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "போட்டுட்டியாம்மா?"

டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஒரு காகிதச் சுருள் கிடந்தது.

இன்சுலினைத் தொடாமல் நோட்டை எடுத்து எழுதினாள்: எட்டு மணி, பதினான்கு யூனிட், அம்மா.