என்ஜின் எழாத நேரம்

பேட்டரியில் இரண்டு கட்டம்தான் மிச்சம் இருந்தது.

யானை பத்தடி தூரத்தில் நின்றது.

அவன் மூச்சைக்கூடச் சிக்கனமாக விட்டான்.

காலை ஏழு மணி. திம்பம் மலை ஏறி, ஆசனூரும் தாண்டியாகிவிட்டது. ஒரு சிறிய இறக்கம், அதன் அடியில் ஒரு வளைவு. வளைவில் திரும்பினால், சாலைக்கு நடுவே அது.

ரிவர்ஸ் போடலாமென்றால் இந்த வண்டி கீச்கீச்சென்று கத்தி ஊரைக் கூட்டிவிடும். அணைத்துவிடலாமென்றால், மணியடித்து, பக்கத்துக்கொன்றாக இருக்கும் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு விடைபெறும். விற்றவர் அதையும் ஒரு வசதி என்றுதான் சொல்லிக் கொடுத்தார்.

ஹைபிரிட் கார். மெதுவாகப் போனால் பேட்டரியில் ஓடும். நின்றால் சத்தமே இராது. பேட்டரி தீரப்போகிறது என்று தெரிந்தால் பெட்ரோல் என்ஜின் தானாகவே எழுந்து உறுமும். யாரையும் கேட்டுக்கொண்டு எழாது.

பேட்டரி இறங்கியதற்கு யானை என்ன செய்யும்? எல்லாம் அவன் கஞ்சத்தனம். மலை ஏறியதில் மைலேஜ் லிட்டருக்கு இருபத்திரண்டுக்கு விழுந்துவிட்டது. அதை எப்படியாவது இருபத்தைந்தாக்கிவிட வேண்டும் என்று, மேலே வந்ததிலிருந்து ஆக்ஸிலேட்டரைக் கால் கட்டைவிரலால் மட்டும் தொட்டுக்கொண்டு வந்தான். என்ஜின் எழப் பார்த்தபோதெல்லாம் காலைத் தளர்த்தி அதைப் படுக்கவைத்தான். முந்திக்கொண்டு போன ஒரு மொபெட்காரர், வண்டிக்கு என்ன கோளாறோ என்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். இறக்கத்தில் பேட்டரி கொஞ்சம் ஏறிக்கொள்ளும் என்று நம்பியிருந்தான். இறக்கம் முடிவதற்குள் யானை வந்துவிட்டது.

ஏசியை அணைத்தான். விளக்கை அணைத்தான்.

பக்கத்தில் மனைவி சுகந்தி விழித்துக்கொண்டாள். அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

யானை நெருங்கி வந்தது.

இவ்வளவு பெரிய உடம்புக்குக் காலடிச் சத்தமே இல்லை.

தும்பிக்கை பானெட்டின் மேல் வந்தது. தொடவில்லை. விளிம்போடு நகர்ந்து, முகர்ந்து, முன்கண்ணாடிக்கு வந்தது. கண்ணாடியில் ஆவி படர்ந்தது. ஆவி மெல்ல விலகியதும், அதன் கண் தெரிந்தது. சின்னக் கண். நீளமான இமைமுடி. அதில் ஒரு புல்நுனி ஒட்டியிருந்தது.

கோயில் யானையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். அது ஆளைப் பார்த்துத் தலையில் தும்பிக்கை வைக்கும். இது அவனை ஒரு ஆளாகவே எண்ணவில்லை. பயமாக இருந்தது. பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது. கும்பிட வேண்டும்போல இருந்தது. கையைத்தான் தூக்க முடியவில்லை.

ஒரு கட்டம்.

இனி எந்த நொடியும் என்ஜின் எழும். தும்பிக்கைக்கு ஒரு சாண் கீழே எழும்.

பிரேக்கை இன்னும் அழுத்தினான். லிவரின் மேல் கையை வைத்தான்.

நியூட்ரல்.

நியூட்ரலில் நின்றால் இந்த வண்டியில் பேட்டரி ஏறாது. அதை ஏற்றுவதற்காக என்ஜினும் எழாது. மைலேஜ் வேண்டுமென்றால் நியூட்ரல் பக்கமே போகக்கூடாது என்று அலுவலகத்தில் நாலு பேருக்குப் பாடம் எடுத்தவன் அவன். சுகந்தி ஒரு சிக்னலில் நியூட்ரல் போட்டதற்கு வீடு வந்து சேரும்வரை புலம்பியவன்.

லிவரை நகர்த்தினான். 'ணுக்' என்று ஒரு சின்னச் சத்தம். அவன் காதுக்கு அது அதிர்வேட்டாகக் கேட்டது.

யானையின் காது ஒருமுறை விரிந்தது.

பிறகு அசைந்தது. பழையபடி, விசிறுவதுபோல.

கடைசிக் கட்டம் சிவப்பாக மின்னியது. என்ஜின் எழவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தும்பிக்கை பின்வாங்கியது. யானை பக்கவாட்டில் திரும்பி, சாலையைக் கடந்து, அந்தப் பக்கத்து உண்ணிச்செடிகளை ஒட்டிப் போய் நின்றது. வழி கிடைத்துவிட்டது. அவன் கை தன்னால் லிவருக்குப் போனது.

சுகந்தி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏனுங்க, இருங்க. பால் குடுக்கற ஆனைங்க அது. குட்டி இன்னும் வரலீங்களே."

அவன் அப்போதுதான் பார்த்தான். முன்னங்கால்களுக்கு நடுவே, மார்பு பால் நிறைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

குட்டி வந்தது.

இடப்பக்கப் புதரிலிருந்து, ஓட்டமும் நடையுமாக, தன் தும்பிக்கையைத் தானே மிதித்துவிடுமோ என்று பார்ப்பவர் பயப்படும்படி வந்தது. நடுச்சாலையில் நின்றது. காரைப் பார்த்தது. நம்பர் பிளேட்டை ஒரு தட்டு தட்டிப் பார்த்தது. அந்தப் பக்கம் தாய் முழு உடம்பையும் இவர்கள் பக்கம் திருப்பியது.

சுகந்தியின் நகம் அவன் கையில் பதிந்தது.

குட்டிக்குக் கார் அலுத்துவிட்டது. தாயின் வயிற்றுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. செடிகள் அசைந்தன. அசைவு நின்றது. அவ்வளவு பெரியது அங்கே நின்றதற்கு ஒரு அடையாளமும் இல்லை.

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கத் திரும்பியபோதுதான் உள்கண்ணாடியில் பார்த்தான்.

பின்னால் ஒரு காய்கறி வேன் நின்றது.

அதன் பின்னால் ஒரு ஜீப். அதற்கும் பின்னால் மூன்று பைக்குகள். எப்போது வந்தார்கள்? இவன் வண்டி வளைவில் நிற்பதை மேட்டிலிருந்தே பார்த்துவிட்டு, அங்கேயே என்ஜினை நிறுத்தி, இறக்கத்தில் உருட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஒரு விளக்கு எரியவில்லை. ஒருவரும் ஹார்னில் கைவைக்கவில்லை.

இத்தனை நேரமும் அந்த அமைதி தன் வண்டியினுடையது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

வேன்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்திருந்தார். காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னால் சாலை காலியாகக் கிடந்தது. முதலில் கிளம்ப வேண்டியது அவன்தான்.

லிவரில் கையை வைத்தான். எடுத்துக்கொண்டான்.

யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.