சர்க்கரை இல்லாத காபி

"அம்மாவுக்கு மட்டும் உடம்புக்கு வரவே வராதாப்பா?" என்று மகள் சின்ன வயதில் ஒருநாள் கேட்டாள். அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

அந்த அம்மாவுக்கு நாற்பத்தாறு வயதில் மாதவிலக்கு நிற்காமல் கொட்டியது. டாக்டரம்மா மாத்திரை எழுதிவிட்டு, டேப்பை எடுத்து இடுப்பையும் அளந்தார்.

"ஏன் டாக்டர், ஜாக்கெட் தைக்கவா?"

"தொப்பை, பிரஷர், சர்க்கரை, மூணும் கைகோத்துக்கிட்டு வந்திருக்கும்மா. மாத்திரை மட்டும் போதாது. தினமும் நடங்க, இனிப்பை விடுங்க."

"எனக்கெங்கே நேரம்?"

அதே வாரம் கணவர் முகம் வாடி வந்தார். "எனக்குச் சர்க்கரையாம். நடக்கணுமாம். தனியா போக பயமா இருக்கு."

"ஐயோ, நான் வரேங்க!"

விடிந்தால் இருவரும் நடந்தார்கள். மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடிக்கிறவர், வெறும் காபியை மருந்துபோல விழுங்கினார். அவர் முன்னால் இனிப்பைத் தொட அவளுக்கும் மனசு வரவில்லை.

ஆறு மாதத்தில் அவளுக்கு இடுப்பு குறைந்தது, பிரஷரும் சர்க்கரையும் இறங்கின, மாதவிலக்கும் ஒழுங்குக்கு வந்தது.

"சபாஷ்!" என்றார் டாக்டரம்மா.

"எல்லாம் அவருக்குச் சர்க்கரை வந்த புண்ணியம், டாக்டர்."

"அவருக்கு ஏதும்மா சர்க்கரை? 'எனக்குன்னா ஓடி ஓடிச் செய்வா, தனக்குன்னா செய்ய மாட்டா'ன்னு அன்னிக்கே தனியா வந்து சொல்லிட்டுப் போனாரே! ஐயோ, உளறிட்டேனா?"

மாலையில் அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் சமையலறையில் தனியாக நின்று, கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே, அவருடைய காபியில் மட்டும் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கினாள்.