வான்மதி போடாத கையெழுத்து

மகள் ஜெனிஃபாவின் உடம்பில் மாட்டியிருக்கும் இன்சுலின் பம்புக்குப் புதிய மென்பொருள் வருவதாகச் சொல்லி மூன்று வாரம் ஆகிவிட்டது. அதை எழுதச் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்துக்கு நாலு நிமிடம் போதுமாம். கையெழுத்துப் போட வேண்டிய பொறியாளர்தான் இழுத்தடிக்கிறாராம். சகாயராஜ் பஸ் பணிமனைக்கு லீவு சொல்லிவிட்டு, ஒரு பிடி பிடித்துவிடுவது என்றே திண்டுக்கல்லில் இருந்த பம்பு கம்பெனி அலுவலகத்துக்குப் போனான்.

பொறியாளர் வான்மதிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

"எழுதுறது மிஷினு. நீங்க ஒரு வரியாவது எழுதியிருக்கீங்களாம்மா?"

"இல்ல சார். காலேஜ்லயும் எங்களுக்கு எழுதச் சொல்லித் தரல. கேள்வி கேக்கத்தான் சொல்லித் தந்தாங்க," என்றாள் அவள். "இந்தப் புதுசு, குழந்தை சாப்பிட ஆரம்பிச்சதுமே முழு மருந்தையும் ஏத்திடும். சாப்பிட்டதை உடனே வாந்தி எடுத்துட்டா நீ என்ன பண்ணுவேன்னு மிஷின்கிட்ட கேட்டேன். அதுக்கு அது எந்த வழியும் எழுதி வைக்கல. அதான் திருப்பி அனுப்பிட்டேன்."

சகாயராஜ் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். போன ஞாயிற்றுக்கிழமை ஜெனிஃபா தின்ற இட்லி மொத்தத்தையும் வாந்தி எடுத்தாள். அவளைக் கழுவிவிட்டு, பாயை அலசிப் போட்டதோடு அவன் அதை மறந்தும் போயிருந்தான். அன்றைக்கு அந்த மென்பொருள் பம்பில் இருந்திருந்தால், சர்க்கரை சரிந்து பிள்ளை அங்கேயே மயங்கியிருப்பாள். மறுபடி கண் திறந்திருப்பாளோ என்னவோ.

கொண்டுவந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்கோங்க தாயி," என்றான். "இன்னும் கேக்க என்னென்ன இருக்கோ, எல்லாத்தையும் கேட்டுப்புடுங்க."