அப்பளத் தரை

"இந்த அப்பளத்தின் மேலே என்னை உட்கார வைத்தது யார்? போயும் போயும் அப்பளமா கிடைத்தது?"

கண் காலையிலிருந்து இதையேதான் பாடிக்கொண்டிருந்தது. அப்பளம் என்று அது ஏசியது கண்குழியின் தரையை. கண்ணைக் கீழிருந்து தாங்குகிற அந்த எலும்பு அவ்வளவு மெல்லியது. அதற்கும் அடியில் வெறும் காற்று நிரம்பிய ஓர் அறைதான்.

"மேலே அண்ணனைப் பார், எவ்வளவு கெட்டி!" என்றது கண்.

புருவ எலும்புக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாரும் என்னை மாதிரி ஆகிவிட முடியுமாடா தம்பி?"

"நான் பிறந்ததே இப்படித்தான். பேசாமல் உட்காரு," என்றது தரை எலும்பு.

அந்த முகத்துக்காரி, மணி அடித்தவுடன் ஓடிப்போய்க் கதவைத் திறக்கவில்லையாம். உள்ளே வந்த புருஷன் முஷ்டியால் ஓங்கிக் குத்தினான். குத்து நேராகக் கண்ணில் விழுந்தது. புருவ எலும்பு இம்மியும் அசையவில்லை. பின்னால் போக இடமில்லாமல் கண் நசுங்கி வெடிக்கப் பார்த்தது. அந்த நொடியில் தரை எலும்பு படக்கென்று உடைந்து இடம் விட்டது. கண் கீழே சரிந்தது, ஆனால் வெடிக்கவில்லை.

"பார்த்தாயா, எனக்கு ஒரு கீறல்கூட இல்லை!" என்றது புருவ எலும்பு.

கண் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சில்லுச் சில்லாகக் கிடந்த தரையை வெகுநேரம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"அக்கா, எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாகத் தெரிகிறது. அக்கா, ஒரு தடவை என்னைத் திட்டிவிடேன்."