இருளாயியின் வீடு

குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

தாகம் ஒன்றுமில்லை. பையில் பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது. விசாரிக்கப் போகும் எந்த வீட்டிலும் முதலில் அதைத்தான் கேட்பாள். சொந்த வீடு என்றால் டம்ளர் இருக்கும் இடத்துக்குக் கை தானாகப் போகும்.

உதவி கேட்டு விண்ணப்பித்திருந்த பஞ்சவர்ணம் டம்ளரைத் தேடினாள்.

அடுப்புப் பக்கம் பார்த்தாள். பானைக்குப் பின்னால் பார்த்தாள். கூரைக் கம்பில் செருகியிருந்த பையைக்கூட விட்டுவைக்கவில்லை.

ஆக, பொய்.

விசாரிக்க வந்தவளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம். அதை மறைப்பானேன்? மூன்று வருடமாக இதுதான் பிழைப்பு. ஏழைகளின் வைத்தியத்துக்கென்று முகம் தெரியாத யார் யாரோ ஐம்பது, நூறு என்று போனில் அனுப்புகிறார்கள். அது பொய்க்காரர்கள் கைக்குப் போய்விடாமல் காவல் காக்கிறவள் அவள். அவளை மட்டும் ஏமாற்ற முடியாது என்று அலுவலகத்தில் பெயர். அடுத்த மாதம் தென்மாவட்டங்கள் முழுவதும் அவள் பொறுப்புக்கு வரப்போகின்றன.

சுவரைப் பார்த்தாள்.

மண்சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு. அதை மறைக்க ஒட்டிய ஜவுளிக்கடை காலண்டர். சக ஊழியர்கள் போனிலேயே விசாரித்து அனுமதி கொடுத்த இரண்டு விண்ணப்பங்களின் படங்களிலும் இதே வெடிப்பு, இதே காலண்டர். பெயர்கள்தான் வேறு. அதனால்தான் மானாமதுரையில் இறங்கி, ஆட்டோ பிடித்து, இவள் நேரிலேயே வந்துவிட்டாள்.

பாயில் பஞ்சவர்ணத்தின் மகள் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது. முதுகெலும்பு வளைந்து, ஒரு தோள் இறங்கியிருந்தது.

அது பொய்யில்லை. மதுரை மருத்துவரிடம் இவள் நேற்றே பேசிவிட்டாள். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. தள்ளிப்போட்டால் நுரையீரலை அமுக்கும் என்றார்.

நோய் நிஜம். வீடு பொய்.

ஒன்று பொய் என்றால் விண்ணப்பத்தை மூடிவிட வேண்டும். விதி அப்படி. அந்த விதியை எழுதிக் கொடுத்தவளே அவள்தான்.

வாசலுக்கு வெளியே யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"அடுப்புக்கு எடப்பக்கம், மாடத்துல இருக்கு வர்ணம்."

இவள் எட்டிப் பார்த்தாள். வெயிலில் ஒருத்தி நின்றிருந்தாள். விறகைக் கரியாக்கும் மூட்டத்து வேலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். முழங்கால் வரை கரி. கையில் தூக்குவாளி. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

பஞ்சவர்ணத்துக்கு அழுகை வந்துவிட்டது. இது வெளியே நிற்கும் இருளாயியின் வீடு என்று ஒப்புக்கொண்டாள். தன்னுடையது பக்கத்துத் தெருவில், அரசாங்கம் கட்டிக்கொடுத்த காரை வீடு.

"போன வருசம் எங்க தெருவுல ஒரு பிள்ளைக்குக் கேட்டாக, மேடம். காரை வீடு, ஃபேன் ஓடுதுன்னு தள்ளிட்டீக."

தள்ளியது அவள்தான். அந்தப் படம் நினைவிருந்தது. 'வசதியுள்ள குடும்பம்' என்று எழுதியதும் நினைவிருந்தது.

அந்தப் பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்க வாய் வரவில்லை.

ஆனால் சந்தேகம் அவ்வளவு லேசில் ஆளை விட்டுவிடுமா? மூன்று குடும்பங்களுக்கு வீட்டைக் காட்டக் கொடுத்தவள் சும்மாவா கொடுத்திருப்பாள்? இருளாயியை உள்ளே கூப்பிட்டாள். இவர்கள் உனக்கு என்ன தந்தார்கள் என்று நேராகவே கேட்டாள்.

இருளாயிக்குக் கேள்வியே பிடிபடவில்லை. பஞ்சவர்ணத்தின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள்.

சரி, உனக்காக ஏன் நீ எதுவும் கேட்கவில்லை?

இருளாயி சிரித்துவிட்டாள்.

"எனக்கென்ன தாயி கொறை? கை காலு நல்லாத்தான இருக்கு."

சொல்லிவிட்டு உள் மூலைக்குப் போனாள். அங்கே தொங்கிய சாக்கை விலக்கினாள். கூரையில் ஓலை இற்றுப்போய், ஒரு முறம் அகலத்துக்கு வானம் தெரிந்தது. கீழே தரை மழைக்குக் கரைந்து குழியாகக் கிடந்தது.

"போட்டோ புடிக்கலையா இன்னும்? இங்கன புடிங்க. இந்த வீட்டுலயே இதுதான் ரொம்ப மோசம்."

வந்தவர்களுக்குப் பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் காட்டுகிறவளைப் போலக் காட்டினாள்.

இதையும் யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்களோ?

அப்படித்தான் முதலில் தோன்றியது இவளுக்கு. தோன்றிய மறுநொடி வெட்கமாக இருந்தது. தன்மேலேயே கோபம் வந்தது. மூன்று வருடத்தில் மனசு இப்படி ஆகிவிட்டதே.

போனை உயர்த்தினாள். மூலையைப் படம் எடுத்தாள். விண்ணப்பப் படிவத்தில் அதைச் சேர்த்தாள்.

அடுத்த கேள்வி வந்தது. 'வீடு விண்ணப்பதாரருடையதா?'

ஆம். இல்லை. இரண்டே கட்டங்கள்.

விரல் நடுவில் நின்றது.

பஞ்சவர்ணம் மகளின் தலையில் கை வைத்தபடி அசையாமல் நின்றாள். பொய் என்று தெரிந்தே 'ஆம்' போட்டால் தன் வேலை என்ன ஆகும் என்று இவள் நினைத்துப் பார்த்தாள்.

படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க இருளாயிக்கு ஆசை. கரிக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். இவள் போனைச் சாய்த்துப் படத்தைக் காட்டினாள்.

இருளாயி குனிந்து பார்த்தாள். ஓட்டைக் கூரை. கரைந்த தரை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

உச்சுக் கொட்டினாள்.

"பாவம் தாயி. இப்பிடி இருக்கவுகளுக்கு எப்பிடியாச்சும் செஞ்சு விடுங்க."

இவள் 'ஆம்' என்பதைத் தொட்டாள். கீழே, நேரில் சரிபார்த்தவர் என்ற இடத்தில், தன் பெயரை அடித்தாள்.