ஓசி எச்சரிக்கை

“ஓசியில கிடைச்ச சாஃப்ட்வேர் சொல்லுதுன்னு நாளைக்கு விழாவை நிறுத்தச் சொல்லுதியா?”

முதலாளி இனிகோ கேட்டதும் புரொடக்ஷன் மேனேஜர் எஸ்றா சிரித்தார். டிசைன் இன்ஜினியர் ஷெர்லி சிரிக்கவில்லை.

வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்காக ஆபத்துப் பெட்டி செய்திருந்தார்கள். நடுக்கடலில் சிக்கிக்கொண்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கரைக்குத் தகவல் வரும். மறுநாள் திரேஸ்புரத்தில் வழங்கும் விழா.

ஷெர்லி தன் லினக்ஸ் கம்ப்யூட்டரை இனிகோ பக்கம் திருப்பினாள். சிமுலேஷனில், சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் காட்டும் பச்சைக் கோடு விழுந்து விழுந்து எழுந்தது.

“பேட்டரி புதுசா இருந்தா பிரச்சினை இல்ல சார். பழசானா இதான் நடக்கும். பொத்தானை அழுத்தினதும் டிரான்ஸ்மிட்டர் கரண்டை மொத்தமா இழுக்குது. சிப் அணைஞ்சு போகுது. மறுபடி எந்திரிச்சு அனுப்பப் பாக்குது, மறுபடி அணையுது. லைட்டு மட்டும் மினுங்கும். தகவல் போகாது.”

“டேபிள்ல வச்சு நானே அழுத்திப் பாத்தேன். நல்லாத்தான் போச்சு,” என்றார் எஸ்றா.

“அங்க கரண்டு சுவத்து பிளக்குல இருந்து வருது அண்ணாச்சி. கடல்ல சுவரு இல்ல.”

“வாயைப் பாரு,” என்றார் இனிகோ. “யாரு எழுதின சாஃப்ட்வேர் இது?”

“பல நாட்டுக்காரங்க சேந்து எழுதினது சார்.”

“ஊரு பேரு தெரியாதவன் எழுதினது. தப்பாப் போனா எவன் சட்டையைப் பிடிக்க?”

“உள்ள எப்படிக் கணக்குப் போடுதுன்னு யாரு வேணாலும் திறந்து பாக்கலாம் சார். போர்டை டிசைன் பண்ணினதும் இதுலதான். லைசென்ஸ் வாங்க வேண்டாம், இது போதும்னு நீங்கதான் சொன்னீங்க.”

எஸ்றா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இப்ப என்னதான் செய்யணும்னு சொல்லுத?” என்றார் இனிகோ.

“ஒவ்வொரு போர்டுலயும் ஒரு பெரிய கெப்பாசிட்டர் வைக்கணும். அது கரண்டைச் சேத்து வச்சு, அழுத்துற நேரத்துக்குக் குடுக்கும்.”

“தண்ணி போகாம பிசின் ஊத்தி மூடியாச்சு,” என்றார் எஸ்றா. “எல்லாத்தையும் சுரண்டி எடுத்தா மாசக்கணக்கா ஆகும். ஆர்டரு வேற ஆளுக்குப் போயிரும்.”

இனிகோ எழுந்தார். “விழா நடக்கும். இந்தப் பேச்சு இந்த ரூமைத் தாண்டிச்சுன்னா, அப்புறம் நீ இங்கன வர வேண்டாம்.”

ஷெர்லி கம்ப்யூட்டரை மூடினாள்.

மறுநாள் பந்தலில் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் அந்தந்த வள்ளத்தின் நம்பர் ஒட்டியிருந்தது. கடலுக்குப் போகிற பிள்ளைகளின் உயிர் தனக்குச் சொந்த உயிர் மாதிரி என்று இனிகோ மைக்கில் பேசினார். கைதட்டினார்கள்.

பெட்டியை வாங்கிய ஒருவர் ஷெர்லியிடம் வந்தார்.

“ஏளா, பேட்டரி தீந்துட்டா டார்ச்சுல கிடக்கதைக் கழட்டிப் போட்டுக்கிடலாம்லா?”

ஷெர்லி இனிகோவைப் பார்த்தாள். அவரும் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போட்டுக்கிடலாம் மாமா,” என்றாள்.

சாயங்காலம் ஆபீசில் அவள் மட்டும் இருந்தாள். இனிகோ ஒரு பெட்டியோடு வந்து கதவைச் சாத்தினார்.

“இது ஒண்ணுக்கு மட்டும் அந்த கெப்பாசிட்டரை வச்சுக் குடு. மருமகன் திங்கக்கிழமை கடலுக்குப் போறான். எஸ்றாவுக்குத் தெரிய வேண்டாம்.”

ஷெர்லி பெட்டியை வாங்கி மேஜையில் வைத்தாள். சால்டரிங் அயர்னைச் சூடேற்றினாள்.

“பிசினை எடுக்கும்போது போர்டு உடைஞ்சிராதே?”

“உடையாது சார். நேத்து ராத்திரி ஒண்ணு எடுத்துப் பாத்துட்டேன்.”

“எது?”

“எங்க அண்ணன் வள்ளத்துக்குள்ளது.”