வீட்டு மரம்

லிஃப்ட் மெக்கானிக், தபால்காரரின் கொட்டகையிலிருந்த பழைய மரம் அறுக்கும் மெஷினின் பெரிய சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்தார்.

முனகல் இல்லை. பழசு என்றாலும் பேரிங் நன்றாகத்தான் இருந்தது.

சட்டைப் பையில் புது மெஷினின் படம் மடித்துக் கிடந்தது. சிவப்பு வண்ணம், கேரண்டி, மினுமினுப்பு. சாப்பிடும்போதுகூட அதைப் பிரித்து வைத்துக்கொண்டு பார்க்கிற மனிதர் அவர்.

தையல்காரியான அவர் மனைவி கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஒரு பட்டன் தைக்கிறதுக்கு நூல் மில்லையே விலை பேசுற ஆளை நீங்க பாத்திருக்கீங்களாண்ணே?" என்று மெஷினை விற்கும் தபால்காரரிடம் கேட்டாள்.

தபால்காரர் சிரித்தார். மெக்கானிக்கும் சிரித்துவைத்தார்.

அவள் சொல்வதில் தப்பில்லை. அறுக்க வேண்டியது ஒரே ஒரு மரம். வீட்டுக்குப் பின்னால் நின்ற மாமரம், போன மழைக்காற்றில் வேரோடு சாய்ந்துவிட்டது. அதை விறகுக்குத் தூக்கிக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. பலகையாக அறுத்து, ஒரு பெஞ்சோ பெட்டியோ செய்து, கண்ணெதிரே வைத்துக்கொள்ள வேண்டும்.

அறுவை மில்காரர்கள் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். வீட்டு மரம் என்றாலே அவர்களுக்குப் பயம். கொடிக்கயிறு கட்ட, விளக்கு மாட்ட என்று யாராவது எப்போதாவது ஓர் ஆணி அடித்திருப்பார்கள். மரம் அதை விழுங்கிக்கொண்டு வளர்ந்திருக்கும். பட்டால் பிளேடு போச்சு.

அதனால்தான் சொந்தமாக ஒரு சின்ன மெஷின்.

அவள்தான் பிடிகொடுக்கவில்லை. புதுசு என்றால், இவ்வளவு விலையா என்பாள். பழசு என்றால், ஊரார் கழித்துப்போட்டதா என்பாள். செலவுக்கு அஞ்சுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கொட்டகைச் சுவரில் அறுந்த பிளேடுகள் தொங்கின. மெக்கானிக்கின் முகம் சுருங்கியது.

"மெஷின் மேல சந்தேகம் வேண்டாம். நான் அறுத்ததும் வீட்டு மரம்தான்" என்று தபால்காரர் மூலையிலிருந்த மேஜையைக் காட்டினார்.

மேஜைப் பலகையில் மை கொட்டினாற்போல ஒரு நீலக்கறுப்புக் கறை. அதன் நடுவில், பாதியாக அறுபட்ட ஆணி வெள்ளிப் பொட்டாக மின்னியது.

"எங்கப்பா சட்டை மாட்ட அடிச்சது. அது பாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

மனைவி எப்போது உள்ளே வந்தாள் என்று மெக்கானிக்குக்குத் தெரியவில்லை. குனிந்து, அந்தப் பொட்டை விரலால் மெல்லத் தடவினாள்.

"இரும்பு வெட்டுப்படாம அறுக்க முடியாதாண்ணே?"

"எந்த இடம்னு தெரிஞ்சா முடியும்மா. தெரியாதுங்கிறதுதானே தொல்லையே."

"தெரியும்" என்றாள் அவள். "பெரிய கிளை. அது பிரியுற இடத்துலேருந்து ரெண்டு முழம் தள்ளி, அடிப்பக்கம். ஊஞ்சல் வளையம்."

மெக்கானிக் நிமிர்ந்தார்.

அந்த வளையத்தை அடித்தவர் அவர்தான். கல்யாணமான முதல் வருஷம், ஏணி வைத்து ஏறி அடித்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். பிறகு பட்டை வளர்ந்து மூடி, தடம்கூடத் தெரியாமல் போயிற்று. அதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை. அவள் மறந்துவிட்டாள், நினைவு தன்னோடு போகட்டும் என்று அவர் இருந்தார்.

விலைக்கு அஞ்சவில்லை அவள். வளையத்தை வெட்டிவிடும் பிளேடுக்கு அஞ்சியிருக்கிறாள்.

தபால்காரர் சுவரிலிருந்து ஒரு கைரம்பத்தைக் கழற்றித் துடைத்தார்.

"மெஷினைக் கொண்டுபோங்க. அந்த இடம் வந்ததும் நிறுத்திட்டு ஆள் அனுப்புங்க. நான் வந்து கையாலயே சுத்தி அறுத்து, வளையத்தை முழுசா எடுத்துத் தரேன்."

வழி தெரியாமல் நிற்பவர்களுக்குக் கடவுள் பல நேரம் இப்படி ஓர் அண்ணனைத்தான் அனுப்பிவைக்கிறார்.

மெக்கானிக் பையிலிருந்த படத்தைப் பிரிக்காமலே கிழித்தார்.

ரம்பத்தைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டே தபால்காரர் வாஞ்சையாகக் கேட்டார்: "ஊஞ்சல் மரமா! அப்ப அதுல எத்தனை பிள்ளைங்க ஆடியிருக்கும்!"

அவள் நரைத்த முடியைக் காதோரம் ஒதுக்கிக்கொண்டாள்.

"இன்னும் யாரும் ஆடலண்ணே."